சூடான வேர்க்கடலையும் நான்காவது ரீலும்

துப்பறியும் லிங்கப்பனின் மேஜைமேல் சுலோசனா கொண்டுவந்து வைத்தது ஒரு சினிமா ரீல் டப்பா. வட்டமான தகர டப்பா. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டால் 4 என்று எழுதியிருந்தது. லிங்கப்பன் மூடியைத் திறந்தார். திறந்ததைவிட வேகமாக மூடினார்.

"சினிமா அழுகிப் போச்சுன்னு பத்திரிகையிலதான் படிச்சிருக்கேன். வாசனை இப்பத்தான் வருது" என்றாள் தாரணி, துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு.

டப்பாவில் ரீல் இல்லை. வேர்க்கடலை இருந்தது. தோலோடு, உப்புப் போட்டு அவித்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது நல்ல கடலையாக இருந்திருக்க வேண்டும். வியாழக்கிழமைக்குள் அதன்மேல் பச்சையாக ரோமம் வளர்ந்திருந்தது.

தேவராஜ அர்ஸ் ரோட்டில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். லிங்கப்பன் ஹனூர்க்காரர். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர்கள் உண்மையிலேயே செத்திருக்கிறார்கள் என்று தொடர்ந்து கண்டுபிடித்து வந்ததால் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தாரணி டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தவள். டைப்ரைட்டரை விற்றுச் சாப்பிட்ட பிறகும் வேலையை விடவில்லை. கேட்டால், "மெஷின் போனா என்ன சார், சத்தத்தை நான் போடறேன்" என்பாள்.

"மொதல்லேருந்து சொல்லுங்கம்மா" என்றார் லிங்கப்பன்.

சுலோசனா சொன்னாள். ஹெப்பாளில் புதிதாக ஒரு கம்பெனிக் கட்டிடம் எழும்பியிருக்கிறது. சித்தாள் வேலைக்கு வரும் பெண்களின் கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் பகலில் பார்த்துக்கொள்ள அவள் ஓர் அறையில் 'தொட்டில்' என்ற காப்பகத்தை நடத்துகிறாள். அறைக்கு வாடகை, குழந்தைகளுக்குப் பால் எல்லாம் சரஸ்வதிபுரம் கலைப்பட சங்கத்தின் உபயம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூட ஹாலில் சங்கம் படம் போடும். அந்த வசூல் தொட்டிலுக்கு.

போன ஞாயிறு மூன்று ரீல் ஓடியது. படத்தில் ஒரு பெண், கைக்குழந்தையோடு, மழையில் ஆற்றங்கரையில் நிற்கிறாள். வீடு அக்கரையில். அவள் போய்ச் சேர்ந்தாளா இல்லையா என்பது நான்காவது ரீலில். ஆபரேட்டர் நான்காவது டப்பாவைத் திறந்தபோது கடலை.

"ஜனங்க என்ன பண்ணாங்க?"

"நாற்காலியை உடைச்சாங்க சார்."

"கலைப்படம் பாக்கறவங்களா?" தாரணி கேட்டாள்.

"ஆமாம்மா. ஆனா மெதுவா உடைச்சாங்க."

பள்ளிக்கூட நிர்வாகம் ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறது. வருகிற ஞாயிறு படம் முழுசாக ஓட வேண்டும். இல்லையென்றால் ஹால் இனி கிடையாது. ஹால் இல்லையென்றால் சங்கம் இல்லை. சங்கம் இல்லையென்றால் திங்கட்கிழமை காலை அறையைப் பூட்டிவிடுவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"பூட்டிட்டா பிள்ளைங்களை எங்க சார் விடுவாங்க? ஜல்லி மிஷினுக்குப் பக்கத்துல துணி விரிச்சுப் படுக்க வெப்பாங்க. நான் தொட்டில் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அப்படித்தான் ஒரு பிள்ளை..." சுலோசனா அதை முடிக்கவில்லை. அவள் தோளில் ஏதோ ஒரு குழந்தையின் பால் கறை காய்ந்திருந்தது.

"ஃபீஸு..." என்று இழுத்தாள் சுலோசனா.

"படம் முழுசா ஓடட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

"சாரோட ஃபீஸ் எப்பவும் கடைசி ரீல்லதாம்மா வரும்" என்றாள் தாரணி. "இதுவரைக்கும் எந்தப் படமும் அதுவரைக்கும் ஓடினதில்லை."

*

பள்ளிக்கூட ஹாலின் வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'கலைப்படம் ஒரு தியானம். தின்பண்டங்களுக்கு அனுமதி இல்லை. தலைவர் உரையின்போது வெளியேற அனுமதி இல்லை.'

"ரெண்டாவது சட்டம்தான் கொடூரம்" என்றாள் தாரணி. "பசிச்சாலும் தாங்கலாம்."

"மொதல் சட்டத்தைப் பாரு. உள்ள கடலையே வரக் கூடாது. அப்பறம் எப்படி டப்பா நெறையக் கடலை?"

ஆபரேட்டர் பசவராஜ், உடைந்த நாற்காலிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் வேலை பார்த்த தியேட்டர் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸாக மாறியபின், சங்கத்தின் ஒரே புரொஜெக்டருக்குச் சம்பளமில்லாத காவலர். துப்பறியும் ஆட்கள் என்றதும் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"சாரே, சாமுண்டி சத்தியமா நான் திருடலை. தின்னேன். அஷ்டே, அவ்வளவுதான்."

"எதைத் தின்னீங்க?"

"கடலேகாயி. டப்பா திறந்தேன், ரீல் இல்லே. வெளியே ஜனம் கத்துது. நானேனு மாட்லி, என்ன பண்றது சார்? கை தானா வாய்க்குப் போயிடுச்சு. நல்லாத்தான் இருந்தது. விரல்தான் சுட்டுக்கிட்டேன்."

லிங்கப்பன் உட்காரப் போனவர் பாதியில் நின்றார். "சுட்டுக்கிட்டீங்களா?"

"சுடச்சுட இருந்தது சார். ஆவி வந்தது."

"ஆதாரத்தைத் தின்னுட்டுப் பாராட்டற சாட்சியை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் தாரணி.

"சிரிக்காதே. சாயங்காலம் படம் ஆரம்பிச்சு, ரீல் ரீலா ஓடி, நாலாவது டப்பாவைத் தெறக்கறாரு. உள்ள இருக்கற கடலை சுடுது. அப்படின்னா அது அடுப்புலேருந்து எறங்கிக் கொஞ்ச நேரந்தான் ஆகியிருக்கணும். இந்த ஹால்ல அடுப்பு இருக்கா?"

"தலைவரோட பேச்சுதான் இருக்கு. அதுவும் ஆறிப்போனது."

லிங்கப்பன் பசவராஜிடம் திரும்பினார். "டப்பா நாலும் உங்ககிட்டயா இருந்துச்சு?"

"இல்லே சார். சனிக்கிழமை நான் எல்லா ரீலையும் சுத்திச் சரி பார்த்து வைப்பேன். அப்புறம் ப்ரெசிடெண்ட் சார் எடுத்துட்டுப் போயிடுவார். ஷோ அன்னைக்கு ஒவ்வொண்ணா அவரே கதவைத் தட்டிக் குடுப்பார். மொத்தமா குடுத்தா நான் ஆர்டர் மாத்திடுவேனாம். ஒவ்வொண்ணா குடுத்தும் போன மாசம் குழப்பம் ஆயிடுச்சே."

"என்ன ஆச்சு?"

பசவராஜின் முகம் சுருங்கியது. "மூணாவது ரீல் தலைகீழா வந்துடுச்சு. ஜனம் பின்னாடியே நடக்குது. மழை கீழேருந்து மேலே போகுது. சத்தம் எல்லாம் பேய் மாதிரி."

"ஜனங்க கத்தினாங்களா?"

"கை தட்டினாங்க சார்."

தலைவர் மேடையேறி, காலத்தைப் பின்னோக்கிச் செலுத்தும் இந்த உத்தி உலக சினிமாவில் முதல் முயற்சி என்று விளக்கினாராம். சங்கத்தின் செய்தி மடலில் அதுபற்றி மூன்று உறுப்பினர்கள் கட்டுரை எழுதினார்கள். ஒருவர் மட்டும் உத்தி சற்று மிகையாகிவிட்டது என்று கருதினார்.

"ஏன் தலைகீழா வந்துச்சு?" லிங்கப்பன் விடவில்லை.

"ஓட்டின ரீலைத் திருப்பிச் சுத்தாம அப்படியே மாட்டினா அப்படித்தான் வரும். ஆனா நான் சுத்தித்தான் வெச்சேன் சார். எங்க அப்பா மேலே ஆணை."

"நீங்க சுத்தித்தான் வெச்சீங்க. அதுக்கும் ஷோவுக்கும் நடுவுல வேற ஒருத்தன் அதை ஓட்டியிருக்கான். அவன் சுத்தலை."

பசவராஜ் கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டார். நாற்காலி மறுபடி உடைந்தது.

"இன்னும் ஒண்ணு. ரீல் மாத்த உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு பீடி பத்த வெச்சா, பாதி."

"அந்த நேரத்துல தலைவர் பேசுவாரில்ல? அது எவ்வளவு?"

"ஒரு கட்டு பீடி சார்." பசவராஜ் யோசித்தார். "மழை பெஞ்சா இன்னும் ஜாஸ்தி."

லிங்கப்பன் சிரித்தார். அந்த வழக்கில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"தாரணி, மழை பெஞ்சா ஒரு மனுசனோட பேச்சு ஏன் நீளுது?"

"குளிர்ல தாடை ஆடும் சார். ஆட ஆரம்பிச்சா நிறுத்த முடியாது."

"மழையில வண்டி மெதுவா வரும். அவரு பேசலை. ரீலுக்காகக் காத்துக்கிட்டிருக்காரு."

*

கலைப்பட சங்கத் தலைவர் செலுவநாராயணன் மேல்கோட்டை வழிவந்த குடும்பத்தவர். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கூடத்தில் சுவருக்குச் சுவர் அவர் சால்வை வாங்கும் படங்கள். சால்வை போர்த்துபவர்கள் மாறினார்கள். போர்த்தப்படுபவர் மாறவில்லை.

லிங்கப்பனும் தாரணியும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து அவர்களோடு சுற்றிக்கொண்டிருந்த சுலோசனா வாசற்படி அருகிலேயே நின்றாள். இந்த வீட்டில் அவளுக்கு இதுவரை நாற்காலி காட்டப்பட்டதில்லை.

"இது சதி சார்" என்றார் தலைவர். "கேபிள் டிவிக்காரா பண்ணின சதி. ரஸனையை அழிக்கணும்னே கெளம்பியிருக்கா. ரீலை எடுத்துட்டுக் கடலையை வெச்சிருக்கானே, அதோட அர்த்தம் என்ன? உன் கலை எனக்குக் கடலைன்னு சொல்றான். அது குறியீடு சார்!"

"குறியீடு சுடச்சுட இருந்துச்சாம்" என்றாள் தாரணி.

தலைவர் அவளைப் பார்க்காமல் இருப்பதன் மூலம் பதில் சொன்னார்.

"ஒரு சந்தேகம் சார்" லிங்கப்பன் பணிவாகக் கேட்டார். "நாலாவது ரீல்ல என்ன நடக்குது?"

"அதுதான் படத்தோட ஆன்மா. மானுடத் துயரத்தோட மௌனம். இருப்புக்கும் இன்மைக்கும் நடுவுல..."

"அந்தப் பொண்ணு ஆத்தைத் தாண்டுதுங்களா?"

"தாண்டறதும் தாண்டாததும் முக்கியமில்லை."

"ஆனா ரெண்டுல ஒண்ணு நடந்திருக்குமில்லீங்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"நீங்க அந்தப் படத்தைப் பாக்கலை" என்றார் லிங்கப்பன். "எந்தப் படத்தையுமே பாத்ததில்லை. படம் ஓடறப்ப நீங்க ஹாலுக்கு உள்ள இருக்கறதே இல்லை. பின்வாசல்ல நின்னு ரோட்டைப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. அதே ரீலு இன்னொரு எடத்துல மொதல்ல ஓடி, ஒவ்வொண்ணா உங்ககிட்ட வருது. வண்டி வர்ற வரைக்கும் மேடையில பேசுவீங்க. ஒரு பிரின்ட்டு, ரெண்டு கொட்டகை. அந்த இன்னொரு கொட்டகையில கடலை திங்கத் தடை இல்லை. எங்க சார் அது?"

கூடத்துச் சால்வைகளெல்லாம் ஒரே நேரத்தில் பழையதாகிவிட்டதுபோல் இருந்தது.

"சங்கத்துல எத்தனையோ மெம்பர்" என்றார் தலைவர் கடைசியில். குரலில் இருந்த மேடை இறங்கிப் போயிருந்தது. "எல்லாரும் புரவலர்கள். எல்லாருக்கும் பாஸ். சரஸ்வதிபுரத்துல டிக்கெட் வாங்கிப் படம் பாக்கறது அகௌரவம் சார். ஹால் ரொம்பி வழியும். உண்டியல்ல ஒண்ணும் விழாது. நன்கொடைன்னு கேட்டா, கருத்தரங்கம் வைக்கலாங்கறா. தொட்டிலுக்குத் தரேன்னு மேடையில சொல்லியாச்சு. பேப்பர்ல போட்டோ வந்தாச்சு. நான் எங்கே போவேன்?"

"எங்க போனீங்க?"

"ஹெப்பாள்ல, அந்தக் கட்டிட வேலைக்காரா ஷெட்டுக்கு. பழைய புரொஜெக்டர் ஒண்ணு இருந்தது, குடுத்தேன். வேஷ்டியைத் திரையாக் கட்டிப் படம் போடுவா. வாட்ச்மேன் கந்தசாமி டிக்கெட் காசை வசூல் பண்ணி, ரீலை மொபெட்ல கொண்டு வருவான். தொட்டிலுக்குப் போனதெல்லாம் அந்தக் காசுதான்."

வாசற்படியில் ஏதோ விழுந்தது. சுலோசனாவின் கைப்பை.

"ஞாயித்துக்கிழமை ஷெட்டுல படம்னு அதுங்க சொல்லும்" என்றாள். "டிவி, டெக்கு வாடகைக்கு எடுத்துப் பாக்குதுங்கன்னு நெனைச்சேன். சார், அப்போ... அதுங்க பிள்ளைங்க குடிச்ச பாலுக்கு அதுங்களேதான் காசு குடுத்துச்சுங்களா?"

தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்பறம் எதுக்கு சார் ஆண்டு விழாவுல அந்தப் பொம்பளைங்களை வரிசையில நிக்க வெச்சு உங்க மெம்பருங்களுக்கெல்லாம் மாலை போட வெச்சீங்க? நன்றிப் பாட்டு ஒண்ணு எழுதிக் குடுத்து, பேச்சு வராத பிள்ளைக்கெல்லாம் சொல்லிக் குடுன்னு சொன்னீங்களே. நான் சொல்லிக் குடுத்தேனே சார். உங்களைப் பாத்தாலே எழுந்து நின்னு பாடணும்னு பழக்கி வெச்சேனே."

தாரணி ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். அவள் வாய் தானாக மூடியதை லிங்கப்பன் பார்த்தது அன்றுதான்.

"ரீல் எங்கன்னு மட்டும் சொல்லுங்க சார்" என்றார் அவர்.

"சத்தியமா தெரியாது. கந்தசாமியைக் கேட்டேன். கனமான டப்பாவைத்தான் கொண்டுவந்து குடுத்தேங்கறான். அவன் பொய் சொல்ல மாட்டான்."

"பொய் சொல்லியிருக்க மாட்டாரு. கடலையும் கனந்தானே. வாங்க, வண்டியை எடுங்க."

*

தலைவரின் பழைய ஃபியட் ஹெப்பாளுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஷெட்டுகள் இருந்த இடத்தில் பாதி ஷெட்டுதான் இருந்தது. தகரத்தையெல்லாம் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு லாரி. பின்னால், எல்லாவற்றுக்கும் காரணமான கட்டிடம், பூச்சு வேலை முடிந்து, கண்ணாடி மாட்டி, யாரையும் தெரியாத முகத்தோடு நின்றது.

வாட்ச்மேன் கந்தசாமி ஓடிவந்தார். தலைவரைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டினார். "சாமி, நான் டப்பாவக் கையில தூக்கிப் பாத்துத்தான் கட்டுனேன். கரன்ட் போயிருச்சுங்க. இருட்டு. புரொஜெட்டருக்குப் பக்கத்துல டப்பா மூடி இருந்துச்சு. கனமா இருந்துச்சு. நேரமாச்சேன்னு எடுத்துக்கிட்டு ஓடியாந்துட்டேன்."

"கடைசி ரீலை அதுக்குள்ள மாட்டியாச்சா?"

"ஓட்டற பையன் மாட்டிட்டேன்னான். நான் ஓட்டிட்டேன்னு நெனைச்சுக்கிட்டேனுங்க."

"டப்பா காலியா இருந்துச்சு. அதுல கடலையைக் கொட்டினது யாரு?"

"நாந்தானுங்க" என்றது ஒரு குரல், லாரியின் மேலிருந்து.

அவள் பெயர் வடிவு. கொள்ளேகாலுக்குப் பக்கம். இடுப்பில் ஒரு குழந்தை. லாரியில் அவளைச் சுற்றி அண்டா, குண்டா, கோணி மூட்டை, கயிற்றுக் கட்டில்.

"கடைசிக்கட்டம் வருதேன்னு ஊர்லேருந்து வந்த பச்சைக் கடலக்காயை அவிச்சேனுங்க. எல்லாருக்கும் ஒட்டுக்கா குடுக்கலாம்னு டப்பாவுல கொட்டி மூடி வெச்சேன். சூடு ஆறாதில்லீங்? கரன்ட் போச்சு. வந்தப்ப டப்பாவக் காணோம். கரன்ட் ஒரேயடியா வந்து படம் காட்டற பல்பும் போயிருச்சு. கடலக்காயும் போச்சு, படமும் போச்சு."

"ரீல்?"

வடிவு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"ஏம்மா, நான் வந்து கேட்டனே, இல்லைன்னீங்களே எல்லாரும்!" கந்தசாமி கத்தினார்.

"குடுத்தா கொண்டுக்கிட்டுப் போயிருவீங்க. அந்தப் பொம்பளை அந்த மழையில பிள்ளையோட நிக்கறா. வீடு போய்ச் சேந்தாளா இல்லையான்னு தெரியாம எப்படிக் குடுக்கறது? பல்பு வாங்கிப் பாத்துட்டுக் குடுத்துரலாம்னு இருந்தோம். காத்தால மேஸ்திரி வந்து, இங்க வேலை முடிஞ்சுது, குண்டலுபேட்டை தாண்டி ரோட்டு வேலை, மத்தியானமே லாரின்னுட்டாரு."

லாரி என்ற வார்த்தை அப்போதுதான் சுலோசனாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மூட்டைகளுக்கு நடுவில், கட்டில் சட்டத்துக்குள், வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தொட்டில் குழந்தைகள்.

"வடிவு, பிள்ளைங்களை எப்போ கூட்டிட்டு வந்தீங்க?"

"மத்தியானம் அக்கா. சொல்லிட்டுப் போலாம்னுதான் எல்லாரும் வந்தோம். ஆயா பசம்மா மட்டுந்தான் இருந்துச்சு. நீங்க இல்லை."

சுலோசனா லிங்கப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "நான் காலையிலேருந்து உங்ககூடத்தானே சார் ரீலைத் தேடிட்டு இருக்கேன்."

லிங்கப்பன் செருப்பைப் பார்த்தார்.

"அங்க பிள்ளைங்களை எங்க விடுவீங்க?"

"ஜல்லி மிஷினுக்கு இந்தாண்ட ஒரு புளியமரம் இருக்குதாம் அக்கா. நெழலு."

பின்னால் தகரம் அடுக்கும் சத்தம் கேட்டது.

வடிவுதான் மறுபடி ஆரம்பித்தாள். "ரீலைக் குடுத்துர்றேனுங்க. அங்க கரன்ட்டே இல்லையாம், நான் வெச்சுக்கிட்டு என்ன பண்ண? ஆனா முடிவை மட்டும் யாராச்சும் சொல்லுங்க. அந்த அய்யா படம் பத்தி ரொம்பப் பேசுவாராமே, அவரு சொல்லட்டும்."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். லாரியில் இருந்த பெண்கள், தகரம் தூக்கிய ஆண்கள், டிரைவர். செலுவநாராயணனுக்கு வாழ்நாளில் இவ்வளவு உண்மையான சபை கிடைத்ததில்லை. பாஸ் வாங்காத சபை. இருப்பும் இன்மையும் அவர் தொண்டைவரை வந்து திரும்பிப் போவது தெரிந்தது.

"போய்ச் சேர்ந்துடறா" என்றார். "மழை விட்டுடறது. ஒரு ஓடக்காரன் வரான். காசு வாங்காம அக்கரையில விடறான். வீட்டுல வெளக்கு எரியறது. எல்லாரும் இருக்கா. கொழந்தைக்குப் பால் காய்ச்சி..." அதற்குமேல் போகவில்லை. அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான்.

வடிவு அவரையே பார்த்தாள்.

"நீங்க படத்தைப் பாக்கலைதானுங்களே?"

தலைவர் இல்லை என்று தலையசைத்தார்.

"தெரிஞ்சுதுங்க. காசு வாங்காத ஓடக்காரன்னீங்க பாருங்க, அங்கயே தெரிஞ்சுபோச்சு." கோபமில்லாமல்தான் சொன்னாள். குனிந்து, தொட்டில் கட்டும் பழைய சேலைக்குள்ளிருந்து ரீலை எடுத்துச் சுலோசனாவிடம் நீட்டினாள். ஒரு தூசு படாமல் சுற்றி வைத்திருந்தாள். "பாத்தீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க அக்கா. கந்தசாமி அண்ணன்கிட்டச் சொன்னா போதும்."

"நானும் வாட்ச்மேன் வேலைக்கு அங்கதான் போறேன்" என்றார் கந்தசாமி, யாரிடமும் இல்லாமல்.

டிரைவர் ஹார்ன் அடித்தார். லிங்கப்பன் ஒரு துப்பறிவாளர் சொல்லியே ஆக வேண்டியதைச் சொன்னார். "ரீல் கெடைச்சிருச்சும்மா. ஞாயித்துக்கிழமை படம் முழுசா ஓடும்."

"யாருக்கு சார்?" என்றாள் சுலோசனா.

அறைக்குப் பூட்டுப் போட வீட்டுக்காரர் திங்கட்கிழமைவரை காத்திருக்கத் தேவையில்லை. சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது; உள்ளே பூட்டி வைக்க ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை புரவலர்கள் பாஸோடு வருவார்கள். அந்தப் பெண் ஆற்றைத் தாண்டினாளா என்று பார்த்துவிட்டு, உத்தியைப் பற்றிக் கட்டுரை எழுதுவார்கள்.

"சார், எதையாவது சொல்லுங்களேன்" என்று தாரணி லிங்கப்பனின் காதருகில் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் வரலை."

லிங்கப்பன் லாரியின் பின்பலகைக் கொக்கியை மாட்டிவிட்டார்.

லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. அது திரும்பியபோது மூட்டைகளுக்கு நடுவிலிருந்த குழந்தைகளின் கண்ணில் தலைவர் பட்டார். பழக்கம் விடுமா? ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஆடுகிற லாரியில் எழுந்து நின்று, கை கூப்பி, நன்றிப் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள்.

சுலோசனா சொல்லிக்கொடுத்த ஏற்ற இறக்கம் ஒன்றுகூடத் தப்பவில்லை. செலுவநாராயணனின் கைகளும் பழக்கத்தில் மார்புவரை உயர்ந்துவிட்டன. அதை எப்படிக் கீழே இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. லாரி ரோட்டில் ஏறி, பாட்டு காதில் விழாமல் போன பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.